கறுப்பு நூல்

பிள்ளை பெற்ற அலுப்பில் மோரெனிக்கேவுக்குக் கண் சொருகியது. மாமியார் அபோசெடே கையில் கறுப்பு நூலோடு வந்து குழந்தை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சுண்டு விரல் ஓரமா தொங்குதே, அந்த ஆறாவது விரல இறுக்கிக் கட்டிட்டா எட்டாம் நாள் பேர் வைக்கறதுக்குள்ள உதிர்ந்துடும். கானோவுலேர்ந்து வர்ற உன் மாமனார் கண்ணுல இது படக் கூடாது."

"பட்டா என்ன அத்தை?"

"அவர் வம்சத்துலயும் சரி, என் பொறந்த வீட்டுலயும் சரி, இது யாருக்கும் கிடையாது."

"எங்க வீட்டுலயும்தான் கிடையாது. சண்டை போட எனக்குத் தெம்பில்ல அத்தை. சத்தியமா இது உங்க மகன் பிள்ளைதான்."

"இல்லேன்னு யாருடி சொன்னா? உன் புருஷன் சுண்டு விரல் ஓரத்துல ஒரு தழும்பு இருக்கே, பாத்ததில்ல?"

"சின்ன வயசுல எண்ணெய் தெறிச்சதுன்னு சொன்னாரு."

"அப்படி நான்தான் சொல்லி வச்சேன். அதுவும் நூல் கட்டின தழும்புதான்."

மோரெனிக்கேவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்போ இது அவர்கிட்டேருந்து வந்ததுதானே! மாமாகிட்ட அதையே சொல்லிடலாமே அத்தை!"

அபோசெடே முடிச்சை இறுக்கிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"சொல்லலாம்டி. உன் புருஷனுக்கு யார்கிட்டேருந்து வந்ததுன்னு அவர் கேப்பாரே, அதுக்கு நான் என்னன்னு சொல்றது?"