முன்வரிசை மஞ்சள் கார்

தணிகாசலம் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த குட்டி ரேஸ் கார்களில், பின்வரிசைச் சிவப்புக் காருக்கு வயிறு எரிந்தது. நேற்று வாங்கிய மஞ்சள் காரைக் கண்ணாடி அலமாரியின் முன்வரிசையில் வைத்துவிட்டாரே மனுஷன்.

"மணிக்கு முன்னூறு கிலோமீட்டர் போற வம்சம் நான். அவன் எரநூத்தம்பதைத் தாண்டமாட்டான். இது எந்த ஊரு நியாயம்?" என்று அலமாரிப் பல்லியிடம் பொருமியது.

பல்லி கண்ணாடித் தட்டுக்கு அடியில் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தது.

"வேகத்தை விடுங்கண்ணே. ரெண்டு பேரையும் அசையவிடாம அவங்கவங்க அடிப்பலகையோட சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கு. உங்களுக்கு ரெண்டு, அவருக்கு நாலு."

சிவப்புக் கார் கொதித்துப்போனது.

"ஏழு வருஷமா இங்க இருக்கேன். நேத்து வந்தவனுக்கு நாலு, எனக்கு ரெண்டுதானா?"