பத்மினியின் இருமல்

"காலையில எழுந்தா கை மடங்காதுங்க டாக்டர். சொம்பு நழுவுது. வெயில் ஏறினாத்தான் விரலு அசையும்" என்றாள் பத்மினி.

டாக்டர் காவ்யா கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டார். பத்மினிக்குத் துணையாகத் திருப்பதி வரை வந்த கணவன் கோவர்த்தனன் பக்கத்து நாற்காலியில் இருந்தான். விடிகாலையில் பாலசமுத்திரத்தில் பஸ் ஏறியவர்கள்.

"இன்னாடி இது? என்னாண்ட மூட்டுவலின்னு மட்டும்தானே சொன்ன?"

"முழுசா சொல்லியிருந்தா இன்னா சொல்லியிருப்ப? வயசானா அப்படித்தான்னு சொல்லியிருப்ப."

அப்படித்தான் சொல்லியிருப்பான்.

"இருமல் இருக்கா அம்மா?"

"வறட்டு இருமலு. வூட்ல யாருக்கும் தெரியக்கூடாதுன்னு மோட்டார் கொட்டாயில போய் இருமறது. மேட்டுல ஏறினா மூச்சு வாங்குது. நடுவுல நின்னு, பயிரைப் பாக்கற மாதிரி ஒரு பாசாங்கு."

கோவர்த்தனனுக்கு வியர்த்தது.

டாக்டர் தட்டுவதை நிறுத்தினார். "இந்த மூட்டு நோய் மூட்டோட நிக்காதும்மா. சில பேருக்கு நுரையீரலுக்கும் போயிடும். அங்க தழும்பு விழுந்துட்டா விழுந்ததுதான். மிச்சத்தைத்தான் காப்பாத்தலாம்."

"காப்பாத்திடலாமா மேடம்?" கோவர்த்தனனின் குரல் இறங்கியிருந்தது.

"ஸ்கேன் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். மருந்தை விடக்கூடாது. சொல்றப்ப எல்லாம் வரணும். கை வலி கொறஞ்சதும் ஊர்லயே நின்னுடறாங்க. அப்புறம் ஆக்சிஜனோட வராங்க."

"நிக்காது மேடம், நான் இட்டுக்கினு வரேன். கரும்பு காஞ்சா காயட்டும்."

"வீட்ல பீடிப் புகையும் கூடாது. சரியா?"

கோவர்த்தனன் சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டான்.

பத்மினி அவனையே பார்த்தாள். "இங்க போட்டுட்டு, பஸ் ஸ்டாண்டுல இன்னொண்ணு வாங்குவ."

"வாங்க மாட்டேன்டி."

"மருந்து ஒரு வேளையும் தப்பக் கூடாது. டாக்டர் சொன்னதெல்லாம் நடக்கணும். மலையைப் பாத்துச் சொல்லு."

ஜன்னலுக்கு வெளியே ஏழுமலை தெரிந்தது. அந்த மலையைப் பார்த்துச் சொன்ன சொல்லை அவன் வீட்டில் யாரும் மீறியதில்லை.

"ஏழுமலையான் மேல சத்தியம். எல்லாம் நடக்கும். போதுமா?"

"போதும்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வந்தார். "திரும்பி உக்காருங்கம்மா."

பத்மினி எழுந்து போய்க் கணவனின் சட்டையை முதுகுப்பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

"இங்க வையுங்க டாக்டர். எனக்கு ஒண்ணுமில்ல. இத்தினி நேரம் நான் சொன்னதெல்லாம் இவரோட நோவு."