பாதி மலையில்

நாச்சிமுத்துவின் பழைய ஃபியட் காருக்கு டிஸ்க் பிரேக் மாற்றிக் கொடுத்தவன் அவனோடு ஒன்றாகப் படித்த மெக்கானிக் குப்புராஜ். உடைக்கப் போட்ட வண்டியிலிருந்து டிஸ்க்கை எடுத்துச் சல்லிசாக முடித்துவிட்டதாகச் சொன்னான். அந்தத் தைரியத்தில்தான் நாச்சிமுத்து மனைவி ருக்மணியோடு கோத்தகிரி ஏறினான். திரும்பி இறங்கும்போது, பாதி மலையில் முன்சக்கரம் பஞ்சரானது.

“உள்ளே டிஸ்க் இருக்குங்க, பார்த்துக் கழட்டுங்க” என்றான் சாலையோரப் பஞ்சர்க் கடைக்காரரிடம், பெருமையாக.

சக்கரத்தைக் கழற்றியவர் நிமிர்ந்தார். “இது டிஸ்க் இல்லீங்க, பழைய டிரம் பிரேக்குங்க. பெயிண்ட் மட்டுந்தான் புதுசு.”

நாச்சிமுத்து அடுத்த பக்கத்துச் சக்கரத்தையும் கழற்றச் சொன்னான். அங்கேயும் டிரம்தான். குப்புராஜுக்குப் போன் செய்தான்.

“கோத்தகிரி இறங்கிட்டிருக்கேன்டா.”

“மலைக்கா போன?” குப்புராஜின் குரல் பதறியது. “பிரேக்கை நம்பாத முத்து. ஃபர்ஸ்ட் கியர்லயே இறக்கு.”

பிரேக்கைப் பற்றி நாச்சிமுத்து இன்னும் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.

“உங்க சிநேகிதர் என்னங்க சொல்றாரு?” என்றாள் ருக்மணி காருக்குள்ளிருந்து.

அவன் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

“நீ பஸ்ல வந்துரு.”

கையிலிருந்த போனில் குப்புராஜ் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.