மணல் பை

ஜன்னல் வெயில் கட்டிலில் ஏறிவிட்டது. படுக்கையில் விழுந்த மனைவியைச் சக்கர நாற்காலிக்கு மாற்றத்தான் தையல்காரர் பயிற்சி எடுக்கிறார். ஒரே பயிற்சி: அவள் விழுந்தபோது இருந்த எடைக்கு மணல் நிரப்பிய பையை, முழங்காலை மடக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்குவது. இன்று அவளைத் தூக்கி உட்கார வைக்கிறார், மூச்சுகூட வாங்கவில்லை.

“பாத்தியா, என் பலத்த!”

“பெரிய பயில்வான்தான், போங்க.”

அவள் சிரிக்கிறாள். போன வாரம் அவர் பிடித்துத் தைத்த ரவிக்கை மறுபடியும் தொளதொளக்கிறது. அதே உற்சாகத்தில் மூலையில் கிடக்கும் பையையும் ஒரு கை பார்க்கக் குனிகிறார். முதல் நாள்போலவே கனக்கிறது, முழங்காலைத் தாண்டவில்லை.

“என்னங்க, வரலையா?”

“வருது, வருது,” என்கிறார், பையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல்.