மறுமுனையில் சோலைராஜ்

1999-ம் வருஷம். ராஜபாளையம் மில் ஆபீஸிலிருந்தபடியே ஸ்ரீவில்லிபுத்தூர் குடோன் கம்ப்யூட்டருக்குள் நுழைய ஓர் இலவச சாப்ட்வேர் இருந்தது. அன்று காலை அது ஆபீஸ் கிளார்க் பரிபூரணத்தை எச்சரித்தது: மறுமுனையில் இருப்பது நேற்றைய கம்ப்யூட்டர் இல்லை, தொடரலாமா?

“யெஸ்ஸை அமுக்கிட்டு வேலையப் பாரும்மா” என்றார் மேனேஜர் காசிராஜன்.

“ஆளு யாருன்னு தெரியாம கதவத் தொறக்க மாட்டேன் சார்.”

குடோனுக்கு போன் போட்டாள். அங்கே வேலை பார்க்கும் சோலைராஜின் அதே கரகரத்த குரல். கம்ப்யூட்டரின் அடையாள எண்ணை வாசிக்கச் சொன்னாள். அவள் திரையில் இருந்ததையே பிசகாமல் வாசித்தான். “நம்ம மெஷின்தான்க்கா, அமுக்குங்க.”

அவள் விரல் யெஸ்ஸுக்குப் போனபோது, தூக்குவாளியோடு சோலைராஜ் உள்ளே வந்தான். “குடோன்ல நேத்துலேர்ந்து கரண்ட் இல்லக்கா. பூட்டிட்டு வந்துட்டேன்.”

காசிராஜன் அவனையும் ரிசீவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அமுக்கிரும்மா, நமக்கெதுக்கு வம்பு?”

பரிபூரணம் நோவை அமுக்கினாள். “நீ யாரா இருந்தாலும் சரி, நாளைக்கும் இதான் பதில்” என்றாள் ரிசீவரில்.

“சரிக்கா” என்றது குரல். “சார்கிட்ட பேசிக்கிடுதேன்.”

காசிராஜன் மேசையிலிருந்த போன் அடித்தது. அவர் கை நீளுமுன் பரிபூரணம் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அது அடித்துக்கொண்டே இருந்தது.