கழுத்துத் தையல்

ரெங்கசாமி மேசையில் அடித்த அடியில் ஊசி டப்பா துள்ளிக் கவிழ்ந்தது. தையல் வகுப்பறைத் தரை முழுக்கக் குண்டூசி.

“என் பொண்டாட்டி ஊசியத் தொட்டான்னு நிரூபிச்சா நான் மீசைய எடுத்துர்றேன் டீச்சர்! யாரு சொன்னா ஒங்களுக்கு?”

யார் சொன்னது என்று கேட்கவே வேண்டாம். சொன்ன மலர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. அவள் மகளுக்கும் இதே தையல் வகுப்புதான். என்ன, புள்ளிகளில் எப்போதும் ரெங்கசாமி மகள் விஷ்ணுப்ரியாவுக்கு ஒரு படி கீழே.

கிள்ளானில் அந்தத் தாமான் குடியிருப்பில் ரெங்கசாமியை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. தவணை கட்டாதவர்களின் காரைப் பேங்குக்காக இழுத்துக்கொண்டு போவதுதான் அவர் தொழில். அவர் தெருவில் நடந்தால் நாலு வீட்டில் கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்கும்.

அப்படிப்பட்டவர், கத்திக்கொண்டே குனிந்து, சிதறிய குண்டூசிகளை ஒன்று விடாமல் பொறுக்கினார். பொறுக்கியதை ஊசி குத்தும் குட்டிப் பஞ்சுமெத்தையில் நூல் பிடித்தது போல வரிசையாகக் குத்தி வைத்தார். சிலிப்பர் போட்ட காலுக்குப் பயம் போலிருக்கிறது என்று மலர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில், தையல் மாணவிகள் ஆளுக்கொரு பாஜூ கூரோங், அதாவது மலாய்ப் பெண்களின் நீளச் சட்டை, தைத்துக் கொடுக்க வேண்டும். விஷ்ணுப்ரியா கொடுத்ததில், கழுத்தைச் சுற்றி மீன் முள் மாதிரி நெருக்கமாக ஓடிய கைத்தையலைப் பார்த்து உஷாராணி டீச்சரே அசந்துபோனார். அசந்து முடிப்பதற்குள் மலரின் புகார் வந்துவிட்டது: தைத்தது மகள் இல்லை, தாய் லெட்சுமி.

வேறு கை பட்டிருந்தால் மொத்தப் புள்ளியும் போய்விடும். புள்ளி போனால், ஷா ஆலாமில் விஷ்ணுப்ரியா மனுப் போட்டிருக்கும் ஆடை வடிவமைப்புப் படிப்பும் போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கை. மகள் இந்த வகுப்பில் சேர்ந்தபோது, “தையலா? படிச்சு பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில உக்காந்து ஜிப்பு மாத்தப் போறியா?” என்று தெருவே கேட்கக் கூத்தடித்தவரும் இதே ரெங்கசாமிதான். இன்று அதே தையலுக்காக மேசையை உடைக்கிறார்.

“பொண்ணு நெட்பால் விளையாடப் போயிருக்கா. வீட்டுல தையல் மிஷின் ஓடுது. என்ன, பேயா தைக்குது?” என்றாள் மலர்.

“நீ எதுக்குடி என் வீட்டு ஜன்னல்ல காத ஒட்டி வெச்சிருக்க?” ரெங்கசாமிக்குப் பின்னால் நின்ற லெட்சுமி சீறினாள்.

“பேய்தான் மலரு. ஒங்க வீட்டுக்கும் அனுப்பி விடவா?” என்றார் ரெங்கசாமி. “அப்படியே ஒங்க காரு எத்தன மாசம் கட்டாம நிக்குதுன்னும் பாத்துட்டு வரச் சொல்றேன்.”

மலரின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடவில்லை. “நீங்க ராத்திரி பூரா காரு இழுத்துட்டுப் பகல்ல தூங்கறவரு அண்ணே. வீட்டுல நடக்கறது ஒங்களுக்கு என்ன தெரியும்?”

“போதும் நிறுத்துங்க. இது ஸ்கூலு,” என்றார் உஷாராணி டீச்சர்.

முதலில் விஷ்ணுப்ரியாவைத் தைத்துக் காட்டச் சொன்னார். தையல் கொஞ்சம் நடுங்கித்தான் வந்தது. அப்பா பக்கத்தில் நின்று இப்படிக் கத்தினால் யார் கைதான் நடுங்காது?

அடுத்து ஊசியும் நூலும் லெட்சுமியிடம் போயின. அவள் நூலை நக்கினாள், உருட்டினாள், ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். ஊசிக் காதைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் நூல் போய் வந்தது. ஒரு வழியாகக் கோத்துப் போட்ட தையலோ, அரிசிச் சாக்கின் வாயைக் கட்டியது போலிருந்தது. விரலில் ரத்தம் வேறு.

“நடிக்கிறா டீச்சர்!”

“வா, ஒன் விரல்லயும் குத்தறேன். நீ எப்படி நடிக்கிறன்னு பாக்கலாம்!”

டீச்சர் அந்தச் சாக்குத் தையலைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்தார். “இந்தக் கைக்கு அந்தத் தையல் வராது மலர். அம்மா தைக்கல. விஷ்ணுப்ரியா பேர்லயே புள்ளி போடறேன்.”

விஷ்ணுப்ரியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மலர் கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“கேட்டுக்கிட்டீங்களா?” ரெங்கசாமி மீசையைத் தடவிவிட்டார். “இனிமே என் குடும்பத்தப் பத்தி வாயத் தொறந்தா, வாசல்ல காரு இருக்காது, சொல்லிட்டேன்.” சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

டீச்சர் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. பஞ்சுமெத்தையில் வரிசை பிசகாமல் நின்ற குண்டூசிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆனா முழுப் புள்ளி கெடையாது,” என்றார், யாருக்கோ சொல்வது போல. “கழுத்துத் தையல் எடது பக்கம் கோணலா போயிருக்கு. அவசர வேல.”

ரெங்கசாமியின் கால்கள் நின்றன.

“அப்பா, வாங்க லா, போலாம்.” விஷ்ணுப்ரியா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “ப்பா, ப்ளீஸ்ப்பா!”

ஊர்க் காரையெல்லாம் இழுக்கிறவரை மகளால் ஓர் அங்குலம் இழுக்க முடியவில்லை. அவர் விடுவிடுவென்று திரும்பி வந்தார். பாஜூவை எடுத்து, கழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். மீசை துடித்தது.

“எங்க டீச்சர் கோணல்? பகலெல்லாம் தூங்காம நான் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டது!”