பெயர் போடாத பக்கம்

“பேர் போடாம எழுத முடியுமா?”

டெமோ காட்ட வந்த மூன்றாவது கம்பெனிக்காரரிடமும் முதலாளி அதே கேள்வியைத்தான் கேட்டார். மீட்டிங் அறையில் இருந்த மூன்று அதிகாரிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆபீசில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி ஓர் இன்ட்ராநெட் வேண்டும், அறிவிப்பு, லீவு, பேச்சு எல்லாம் அதிலேயே நடக்க வேண்டும் என்று முதலாளி சொல்லி மாதக்கணக்காகிவிட்டது. எதை வாங்குவது என்று முடிவு செய்ய இந்த மூவரையும் வைத்து ஒரு கமிட்டி போட்டிருந்தார். ஊழியர் விவகாரம் பார்க்கும் மேடத்தின் ஆசை, எல்லோருக்கும் பிறந்தநாள் வாழ்த்து தானாகப் போக வேண்டும் என்பது. அக்கவுண்ட்ஸ் தலைவருக்கு யார் தாமதமாக வந்தார்கள் என்று தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் மேனேஜருக்கு, எதுவானாலும் அடிக்கடி படுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

முதல் இரண்டும் பார்க்க லட்சணமாக இருந்தன. ஆனால் பேர் போடாமல் எழுத வழியில்லை. மூன்றாவதில் ஒரு பக்கம் திறப்பதற்குள் அடுத்த மாடிக்கு நடந்து போய் விஷயத்தை நேரிலேயே கேட்டுவிட்டு வந்துவிடலாம். இருந்தாலும் அதில் ‘மனம் திறந்து’ என்று ஒரு பகுதி இருந்தது. அங்கே யார் வேண்டுமானாலும் பெயரில்லாமல் எழுதலாம்.

“இதையே வாங்கிடலாம். என்ன சொல்றீங்க?” என்றார் முதலாளி.

சற்று முன்வரை தங்களுக்குள் அதைக் கட்டை வண்டி என்று சொல்லிக்கொண்டிருந்த மூவரும், அதுதான் சிறந்தது என்று மூன்று விதமாகச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் மேடம் குரலைத் தாழ்த்தினார். “இது எலிப்பொறி சார். வாயைக் கிளறிட்டு, எவன் எழுதினான்னு பிடிக்கறதுக்கு.”

முதலாளி கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவர் லிஃப்டில் ஏறினால், காத்திருப்பவர்கள் படிக்கட்டுப் பக்கம் போய்விடுவார்கள்.

இன்ட்ராநெட் வந்தது. எழுதியது யாரென்று கண்டுபிடிக்க முடியுமா என்று எல்லோரும் கம்ப்யூட்டர் மேனேஜரைத்தான் கேட்டார்கள். பேர் வெளியே வராது, அதற்குத் தான் பொறுப்பு என்று அவர் வாக்குக் கொடுத்தார். நோண்டினால் தெரிந்துவிடும் என்பதையும், நோண்டுகிற அதிகாரம் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதையும் அவர் சொல்லவில்லை. அதைத் தொடப்போவதில்லை என்று தனக்குத்தானே முடிவு செய்திருந்தார்.

அப்படியும் ஒருவரும் எழுதவில்லை. ‘மனம் திறந்து’ பல வாரம் காலியாகவே கிடந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் அதில் இப்படி வந்தது:

“இங்க எல்லாரும் எல்லாத்துக்கும் ஆமான்னுதான் சொல்றாங்க. மனசுல இருக்கறதை யாரும் பேசறதில்ல. மதியம் கூட உக்காந்து சாப்பிட எனக்கு ஒரு ஆள் கிடையாது.”

சற்று நேரத்தில் அதற்குக் கீழே ஒரே ஒரு பதில்: “எனக்கும் அப்படித்தான்.”

ஆபீசே கிசுகிசுத்தது. மேடம் அவசரமாக ‘ஒற்றுமையே பலம்’ என்று ஒரு பயிற்சி வகுப்புக்கு ஏற்பாடு செய்தார். அக்கவுண்ட்ஸ் தலைவர் ஒவ்வொரு மேஜையாகப் போய் முகங்களைப் படித்தார். தனியாக உட்கார்ந்தால் எழுதியது தான்தான் என்று ஆகிவிடும் என்ற பயத்தில், அன்று மதியம் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்து, பேசாமல் சாப்பிட்டார்கள். மற்ற எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தவர் கம்ப்யூட்டர் மேனேஜர்.

பயந்தது போலவே மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். திரையில் அந்தப் பக்கம்தான் திறந்திருந்தது.

“யாருன்னு உங்களால பாக்க முடியுமாமே. அந்தக் கம்பெனிக்காரர் சொன்னார்.”

மேனேஜர் நின்றுகொண்டே இருந்தார். வீட்டில் மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை போகக்கூடிய நேரமில்லை அது.

“முடியும் சார். ஆனா சொல்ல மாட்டேன். பேர் வெளிய வராதுன்னு எல்லாருக்கும் வாக்குக் குடுத்திருக்கேன்.”

‘மாட்டேன்’ என்ற சொல் அந்த அறைக்குப் புதிது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முதல்ல எழுதினது யாருன்னு நான் கேக்கல. அதை எழுதினவனே நான்தான். கீழ ‘எனக்கும்’னு ஒருத்தர் போட்டிருக்காரே, அவரை மதியம் என்கூடச் சாப்பிடக் கூப்பிடலாம்னு பாத்தேன்.”

“அது நான்தான் சார்” என்று சொல்லக் கம்ப்யூட்டர் மேனேஜருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.